வெண்சுவரும் செவ்வோடும்: ‘ஸ்பானிய’ மனையலங்காரம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

‘ஸ்பானியப் பாணி வீடு’ என்றவுடன் மனக்கண்ணில் தோன்றும் உருவம் இன்று உலகின் பல பாகங்களிலும் ஏறத்தாழ ஒன்றே. வெள்ளையடித்த கனத்த சுவர்; தாழ்வாகச் சரியும் செந்நிற ஓட்டுக்கூரை; வில்வளைவு வாயில்; கருநிற இரும்புக் கிராதி பொருத்திய சிறு யன்னல்; வாயிலைக் கடந்ததும் நீரூற்றொன்றை நடுவிற் கொண்ட முற்றம்; உள்ளே சுடுமண் தளம், கரடுமுரடாகப் பூசப்பட்ட சுவர், வெளித்தெரியும் கருமரத் தீராந்திகள், படிக்கட்டின் முகங்களிற் பதித்த வண்ண ஓடுகள், தோலும் பித்தளை ஆணியுங் கொண்டு முடித்த கனத்த கதிரைகள். வீட்டலங்கார நூல்கள் இவற்றையெல்லாம் ஸ்பெயின் தேசத்தின் தொன்மையான மரபுரிமை என ஒரே வரியிற் கூறிவிட்டு, எந்த நிறம் எந்த அறைக்குப் பொருந்தும் என்ற ஆராய்ச்சியில் இறங்கிவிடுகின்றன.

அந்த ஒரு வரி ஐயத்துக்குரியது. தனித்தனி உறுப்புகளுட் பல ஸ்பெயினில் நெடுங்காலம் வழங்கியவையே. ஆயின் அவற்றை ஒருங்குசேர்த்து, வசதி படைத்தோரின் இல்லத்துக்குரிய ஒரு ‘பாணி’யாக வகுத்து, சந்தைக்கு விட்ட இடம் ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலமாகும். காலம், பெரும்பாலும், 1915ஆம் ஆண்டுக்கும் 1930களின் தொடக்கத்துக்கும் இடைப்பட்டது. இப்பாணியின் வரலாற்றைத் தொடர்ந்து செல்லுமிடத்து ஒரு செய்தி இருமுறை எதிர்ப்படுகின்றது: வீடு போற்றப்பட்டது, அதனை ஆக்கும் கலையை அறிந்தோர் வெளியேற்றப்பட்டனர். முதன்முறை 17ஆம் நூற்றாண்டின் ஸ்பெயினில். இரண்டாம் முறை 20ஆம் நூற்றாண்டின் கலிபோர்னியாவில். இவ்விரண்டையும் தொடர்புபடுத்தி நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முற்றத்தை நடுவே வைத்து அறைகளை அதனைச் சூழ அமைக்கும் வழக்கம் ஐபீரியத் தீபகற்பத்தில் உரோமர் காலத்திலேயே இருந்தது. கி.பி. 711இல் முஸ்லிம்கள் அங்கு ஆட்சி நிறுவிய பின்னர் அவ்வழக்கம் புதுப்பொலிவு பெற்றது. தெருவை நோக்கிய சுவர் ஏறத்தாழ வெறுமையாக இருக்க, வீட்டின் அழகெல்லாம் உள்நோக்கித் திரும்பியிருந்தது. வெயில் கடுமையான அந்தலூசியாவில் இது குளிர்ச்சியையும், குடும்பத்துப் பெண்களுக்கு மறைவையும் ஒருங்கே அளித்தது. கொர்தோபா நகரின் பழைய வீடுகளின் முற்றங்களும், 13ஆம், 14ஆம் நூற்றாண்டுகளிற் கிரனடாவில் நஸ்ரிய மன்னர் எழுப்பிய அல்ஹம்பிரா மாளிகையின் நீர்நிலை சூழ்ந்த முற்றங்களும் இம்மரபின் இரு எல்லைகள் எனலாம்: ஒன்று குடிமகனுடையது, மற்றது கோவேந்தனுடையது. அமைப்பு முறை இரண்டுக்கும் பொதுவானது.

இவ்வீட்டின் உறுப்புகளைக் குறிக்கும் ஸ்பானியச் சொற்களே அவற்றின் பிறப்பைக் காட்டிக்கொடுக்கின்றன. மெருகிட்ட வண்ண ஓட்டுக்கு ‘அசுலெஹோ’ என்று பெயர். மெருகேற்றிய சிறு கல்லைக் குறிக்கும் அரபுச் சொல்லின் திரிபு அது. படுக்கை மாடத்துக்குரிய ‘அல்கோபா’, தலையணைக்குரிய ‘அல்மொஹாதா’, கம்பளத்துக்குரிய ‘அல்பொம்ப்ரா’, வெயிலில் உலர்த்திய சுடாத மண்கல்லைக் குறிக்கும் ‘அடோபே’ ஆகியனவும் அரபு வழிவந்தனவே. வீட்டைக் கட்டும் தலைமைக் கொத்தனே ‘அலரிபே’ என அரபுப் பெயராற்றான் அழைக்கப்பட்டான்.

கிறித்தவ மன்னர்கள் தெற்கு நோக்கிப் படையெடுத்து நகர்களைக் கைப்பற்றியபோது முஸ்லிம் கைவினைஞர் பலர் அந்நகர்களிலேயே தங்கினர். இவர்கள் ‘முதேஹர்’ எனப்பட்டனர். தச்சுவேலை, ஓட்டு வேலை, சாந்து வேலை ஆகியவற்றில் இவர்களை விஞ்சுவோர் இலராகையால், வென்றவர்களும் தத்தம் மனைகளை இவர்களைக் கொண்டே அமைப்பித்தனர். இதற்குச் செவில் நகரத்து அல்காசர் அரண்மனை தக்க சான்றாகும். 1364இல் காஸ்தீலிய மன்னன் முதலாம் பேதுரு அங்கு எழுப்பத் தொடங்கிய மாளிகையின் சுவர்களில், கிறித்தவனான அம்மன்னன் ‘சுல்தான்’ என அரபெழுத்திற் போற்றப்படுகின்றான். மதப்பகை வேறு, மனையலங்காரம் வேறு என அக்காலத்து அரசவை கருதியது போலும்!

அந்நிலை நீடிக்கவில்லை. 1492இல் கிரனடா வீழ்ந்தது. 1502இல் காஸ்தீலிய முஸ்லிம்கள் மதம் மாறவேண்டும் அல்லது நாடு நீங்கவேண்டும் என ஆணை பிறந்தது. மதம் மாறியோர் ‘மொறிஸ்கோ’ என்ற பெயரோடு ஐயக்கண் கொண்டு நோக்கப்பட்டனர். 1567இல் அவர்களின் மொழியும் உடையும் நீராடும் வழக்கமுங்கூடத் தடைசெய்யப்பட, மறு ஆண்டு அல்புஹாராஸ் மலைப்பகுதியிற் கிளர்ச்சி மூண்டது. ஈற்றில் 1609க்கும் 1614க்கும் இடையில் ஏறத்தாழ மூன்று இலட்சம் மொறிஸ்கோக்கள் கப்பலேற்றி வெளியேற்றப்பட்டனர். அவ்வெளியேற்றம் முடிந்து இருபது ஆண்டுகள் கழியுமுன்னர், 1633இல், டியேகோ லோப்பெஸ் தெ அரேனாஸ் என்ற தச்சர் செவிலில் மரக்கூரை வேலை பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அந்நூலின் தலைப்பிலேயே ‘அலரிபே’ என்ற அரபுச் சொல் இடம்பெற்றுள்ளது. கலையும் அதன் கலைச்சொற்களும் நாட்டில் நிலைத்துவிட்டன. அக்கலையைத் தந்த இனத்தார்க்கு நாட்டில் இடமில்லாது போயிற்று.

ஈழத்து வாசகர்க்கு இங்கு ஓர் இடைக்குறிப்புப் பொருத்தமாகும். மொறிஸ்கோக்களை வெளியேற்றிய மூன்றாம் பிலிப் மன்னன் போர்த்துக்கலின் முடியையும் தரித்திருந்தவன். 1619இல் யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயர் வசமானபோது அவ்வெற்றி அவன் பெயராலேயே ஈட்டப்பட்டது. கதிரை, மேசை, அலுமாரி, யன்னல், விறாந்தை என நம் வீடுகளில் அன்றாடம் வழங்கும் சொற்கள் போர்த்துக்கேயர் தொடர்பால் வந்தவை. ஐபீரிய மனையின் சொற்கள் நம்மவர் நாவிலும் ஏறியுள்ளமையால், இவ்வரலாறு முற்றிலும் அந்நியமான ஒன்றன்று.

ஸ்பெயின் அமெரிக்கக் கண்டத்திற் குடியேற்றங்களை அமைத்தபோது முற்றமும் ஓடும் கிராதியும் கடல் கடந்தன. மெக்சிக்கோவின் புவேப்லா நகரில் வண்ண ஓட்டுத் தொழில் வேரூன்றியது. ஆயின் மண்கல்லாற் கட்டுதல் அந்நிலத்துப் பழங்குடியினர்க்கு ஏலவே தெரிந்திருந்த தொழிலென்பது மனங்கொளத்தக்கது. எனவே மெக்சிக்கோவில் உருவான வீடு அரபு, காஸ்தீலியம், பழங்குடி மரபு ஆகிய மூன்றும் கலந்ததாயிற்று.

அதன் வடவெல்லையே கலிபோர்னியா. 1769இல் சான் தியேகோவில் ஹுனிப்பெரோ செர்ரா என்ற பிரான்சிஸ்கத் துறவி முதலாவது மிசன் நிலையத்தை நிறுவினார். 1823 வரையில் இத்தகைய நிலையங்கள் 21 தோன்றின. ஒவ்வொன்றும் தேவாலயமும் பண்ணையும் பட்டறையும் கொண்ட ஒரு சிற்றூர். தொடக்கத்தில் இவற்றின் கூரைகள் நாணற்புல்லால் வேயப்பட்டன. 1776இல் சான் லூயிஸ் ஒபிஸ்போ மிசனின் புற்கூரை எதிர்ப்பாளரான பழங்குடியினரின் தீயம்பு பட்டு எரிந்த பின்னரே சுடுமண் ஓட்டுக்கு மாறும் வழக்கம் வலுப்பெற்றது எனக் கூறுவர். அவ்வாறாயின், பிற்காலத்தில் அமைதியின் சின்னமாக விளம்பரப்படுத்தப்பட்ட செந்நிறக் கூரை, உண்மையில் ஒரு போராட்டத்தின் விளைவேயாகும்.

மண்கல் வார்த்தோர், ஓடு சுட்டோர், தீராந்திக்கான மரத்தை மலையிலிருந்து இழுத்து வந்தோர் அனைவரும் மதம் மாற்றப்பட்ட பழங்குடியினரே. மிசன் எல்லையை விட்டு விருப்பம்போல் நீங்கும் உரிமை அவர்களுக்கு இருக்கவில்லை. தப்பியோடியோர் பிடித்துவரப்பட்டுச் சவுக்கடி பெற்றனர். 1786இல் நிறுவப்பட்ட சாந்தா பார்பரா மிசனைக் கட்டியோர் சுமாஷ் இனத்தார். 1812இன் நிலநடுக்கத்தில் அதன் பழைய தேவாலயம் சேதமுற, 1820இல் நிறைவெய்திய புதிய தேவாலயத்தின் முகப்பு, உரோமக் கட்டடக் கலைஞர் வித்ருவியுசின் நூலின் ஸ்பானியப் பதிப்பிலிருந்த ஒரு படத்தைப் பார்த்து அமைக்கப்பட்டது. நூல் உரோமருடையது, உழைப்பு சுமாஷ் மக்களுடையது. நான்கு ஆண்டுகளின் பின், 1824இல், அதே சுமாஷ் மக்கள் மூன்று மிசன்களிற் கிளர்ந்தெழுந்தனர். 1769இற் கலிபோர்னியாவில் ஏறத்தாழ மூன்று இலட்சமாக இருந்த பழங்குடியினர் தொகை 1870 அளவில் முப்பதாயிரமாகக் குறைந்ததென மதிப்பிடப்படுகின்றது. நோயும், அடிமை நிலையை ஒத்த உழைப்பும், 1848இல் தங்கம் கண்டறியப்பட்ட பின் அங்கு குவிந்த வெள்ளையர் நடத்திய கொலைகளும் இதற்குக் காரணங்களாகும்.

1821இல் மெக்சிக்கோ விடுதலை பெற்றது. 1848இல், போரில் தோல்வியுற்று, கலிபோர்னியாவை ஐக்கிய அமெரிக்காவுக்கு இழந்தது. 1851இன் நிலச்சட்டம், பழைய நில உடைமையாளர் தம் உரிமையைத் தாமே நிரூபிக்கவேண்டுமென விதித்தமையால், வழக்குச் செலவிலேயே பலர் நிலமிழந்தனர். அவர்களது மண்கல் வீடுகள் ஏழ்மையின் அடையாளமாகக் கருதப்பட்டன. புதிதாக வந்தோர் பலகை வீடுகளையும் செங்கற் கடைகளையும் கட்டினர். மழை கரைத்த மிசன் கட்டடங்களை எவரும் பொருட்படுத்தவில்லை.

இவ்வாறு இகழப்பட்ட ஒன்று எங்ஙனம் விரும்பப்படும் பொருளாயிற்று? இதற்கு ஒரு நாவலும் இருப்புப்பாதையும் காரணமாயின. பழங்குடியினர்க்கு அரசு இழைத்த அநீதிகளை 1881இல் ஒரு நூலிற் கண்டித்த ஹெலன் ஹண்ட் ஜாக்சன், அந்நூலைப் பலர் பொருட்படுத்தாமையால், 1884இல் ‘ரமோனா’ என்ற நாவலை எழுதினார். வாசகர் உள்ளத்தைப் பழங்குடியினர் பக்கம் திருப்புவதே அவர் கருத்து. வாசகர்களோ கதையில் வந்த முற்றத்தையும் கொடிப்பந்தலையும் பழைய பண்ணை வாழ்வையும் பற்றிக்கொண்டனர், அநீதியை மறந்தனர். அடுத்த ஆண்டே ஆசிரியை காலமானார். புதிய இருப்புப்பாதைகள் கிழக்கிலிருந்து உல்லாசப் பயணிகளைக் கொண்டுவந்து சேர்க்க, ரமோனா வாழ்ந்த வீடு இதுவெனப் பல வீடுகள் காட்டப்பட்டன. கற்பனைப் பாத்திரத்துக்கு வீடு கிடைத்தது. நிலமிழந்த பழங்குடிக்குக் கிடைக்கவில்லை.

1893இன் சிக்காகோ உலகக் கண்காட்சியிற் கலிபோர்னியா தன் மண்டபத்தை மிசன் சாயலில் அமைத்தது. 1895இல் சார்ள்ஸ் லம்மிஸ் என்பார் மிசன் கட்டடங்களைப் பேணுவதற்கு ஒரு கழகம் நிறுவினார். எனினும் உண்மையான திருப்பம் 1915இல் நிகழ்ந்தது. பனாமாக் கால்வாய்த் திறப்பைக் கொண்டாடச் சான் தியேகோ நகரில் நடந்த கண்காட்சிக்குத் தலைமைக் கட்டடக் கலைஞராக அமைந்த பேர்ட்ராம் குட்ஹியூ, மெக்சிக்கோவின் தேவாலயங்களை நேரிற் கண்டு ஆராய்ந்தவர். எளிய மிசன் சாயலை விடுத்து, வெற்றுச் சுவரின் நடுவே வாயிலைச் சூழ்ந்து மட்டும் செறிந்த சிற்பவேலை கொண்ட மெக்சிக்க மரபை அவர் அங்கு நிலைநாட்டினார். கண்டோர் வியந்தனர். ஆயின் ‘மெக்சிக்கப் பாணி’ என்று அதனை அழைத்தாரில்லை. ‘ஸ்பானியம்’ என்ற சொல்லே வழக்காயிற்று. மெக்சிக்கர் என்றால் தோட்டத்திலும் இருப்புப்பாதையிலும் வேலை செய்யும் கூலியாள். ஸ்பானியர் என்றால் ஐரோப்பியக் கனவான். வீட்டுக்கு எப்பெயர் விலைபோகும் என்பது வெளிப்படை.

பெருங் கண்காட்சிகளிலிருந்து இப்பாணியைக் குடியிருப்பு வீட்டுக்கு இறக்கிவைத்தவர்களுள் ஜோர்ஜ் வாஷிங்டன் ஸ்மித் முதன்மையானவர். இவர் கட்டடக் கலை கற்று இடையில் நிறுத்தி, நிதிச் சந்தையிற் பொருளீட்டி, பின்னர் ஐரோப்பாவில் ஓவியம் பயின்றவர். சாந்தா பார்பராவை அடுத்த மொண்டெசிட்டோவில் தமக்கென ஒரு வீட்டை அந்தலூசியப் பண்ணைவீட்டின் சாயலில் அமைத்துக்கொண்டார். வந்தோர் அவருடைய ஓவியங்களை வாங்குவதிலும் அவருடையதைப் போன்ற வெள்ளை வீடொன்றைப் பெறுவதிலேயே ஆர்வங் காட்டினராம்! அவரும் தூரிகையை விட்டு மனைத்திட்டத்துக்குத் திரும்பினார்.

ஸ்மித்தின் வீடுகள் அழகானவை என்பதில் ஐயமில்லை. சுவரின் பெரும்பரப்பை வெறுமையாக விட்டு, ஒரே ஒரு யன்னலை எங்கே வைத்தால் அப்பரப்பு உயிர்பெறும் என்பதை அறிந்த கண் அவருடையது. அந்தலூசியக் குடியானவன் வெயிலுக்கும் வறுமைக்கும் அஞ்சிச் செய்ததை அவர் அழகுணர்ச்சியாற் செய்தார். ஆயின் அவர்காலத்தில் அவரைப் பின்பற்றிக் கட்டப்பட்ட பெருந்தொகையான வீடுகளில் அந்தக் கனத்த சுவர் ஒரு தோற்றமேயாகும். உள்ளே மெல்லிய மரச்சட்டம், அதன்மேற் கம்பிவலை, அதன்மேற் சீமெந்துச் சாந்து. சாந்து காயுமுன் கொத்தன் கரண்டியாற் கீறி, நூறாண்டு பழகிய கைவேலைபோற் காட்டினான். தீராந்தியும் பல இடங்களிற் கூரையைத் தாங்கவில்லை. கூரையே அதனைத் தாங்கியது. முற்றத்துச் சுவரிற் படர்ந்து ‘ஸ்பானிய’ வண்ணம் பூத்த போகன்வில்லாக் கொடிகூடத் தென் அமெரிக்காவுக்கு உரியது.

உள்ளலங்காரத்துக்கு இருவகை வழிகள் இருந்தன. நடுத்தர வர்க்கத்தார் புதிதாகச் செய்த பொருள்களை வாங்கினர். கடலோரத்து மாலிபு ஓட்டுப் பட்டறை 1926 முதல் 1932 வரை இயங்கியது. அதன் உடைமைக் குடும்பத்தார்க்காக அவ்வூரிற் கட்டப்பட்ட அடம்சன் இல்லத்தின் தளத்தில், பாரசீகக் கம்பளமொன்று குஞ்சம் உட்பட முழுவதும் ஓட்டாலேயே பதிக்கப்பட்டுள்ளதை இன்றும் காணலாம். அல்ஹம்பிராவின் ஓட்டுக் கோலங்கள் இவ்வாறு தொழிற்சாலைப் பட்டியலின் இலக்கங்களாயின.

பெருஞ் செல்வர்க்குப் புதியவை போதவில்லை, பழையவையே வேண்டியிருந்தன. அவற்றை ஈட்டிக் கொடுத்தவர் மட்றிட் நகரில் வாழ்ந்த ஆதர் பைன் என்ற அமெரிக்கர். பைனும் அவர்தம் மனைவி மில்ட்ரெட் ஸ்டேப்லியும் ஸ்பானிய மரக்கூரைகள் பற்றி 1920இலும், தோட்டங்களும் முற்றங்களும் பற்றி 1924இலும் வெளியிட்ட நூல்கள் அறிவார்ந்தவை. கட்டடக் கலைஞர் பலர் அவற்றைப் பாடநூல்போற் பயன்படுத்தினர். அறிஞராக அளந்து வரைந்ததை வணிகராக விற்றதே அவர்களது விசித்திரம். சென் லூயிஸ் நகரத்துத் தொழிலதிபர் ஜோர்ஜ் ஸ்டீட்மனுக்காக ஸ்மித் வரைந்த ‘காசா டெல் எரேரோ’ என்ற இல்லத்துக்கு, அதாவது ‘கொல்லன் வீட்டுக்கு’, பழங்கதவுகளும் தளபாடங்களும் பைன் தம்பதியினர் வாயிலாகவே வந்தன. ஸ்டீட்மன் தாமே உலோக வேலையில் தேர்ந்தவர். தம் பட்டறையிற் கைப்படச் செய்த பொருள்களையும் அவ்வீட்டில் வைத்தார் என்பதை அவர் பொருட்டுச் சொல்லவேண்டும்.

இவ்வேட்கையின் உச்சம் பத்திரிகை அதிபர் வில்லியம் ரண்டொல்ப் ஹேர்ஸ்ட். சான் சிமியோன் குன்றில் 1919 முதல் ஜூலியா மோர்கன் என்ற பெண் கட்டடக் கலைஞரைக் கொண்டு அவர் எழுப்பிய மாளிகையின் அறைகளிற் பழைய ஸ்பானிய மரக்கூரைகள் பல பொருத்தப்பட்டன. அவை போதாவென, செகோவியாவை அடுத்த சக்ரமேனியாவில் 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த துறவிமடம் ஒன்றின் கற்களையே 1925இற் பைன் மூலம் வாங்கினார். கற்கள் இலக்கமிடப்பட்டு, வைக்கோல் சுற்றி, ஏறத்தாழ 11,000 பெட்டிகளில் நியூ யோர்க் வந்தன. கால்நடை நோய் பற்றிய அச்சத்தால் அதிகாரிகள் பெட்டிகளைத் திறந்து வைக்கோலை எரித்தபோது, கற்கள் இடம்மாறி வேறு பெட்டிகளில் அடைக்கப்பட்டன. ஹேர்ஸ்டின் செல்வமும் பின்னர் சரிந்தது. அவர் இறந்த பின் 1950களில் வேறிருவர் அவற்றை வாங்கிப் புளோரிடாவில் அடுக்கினர். தாய்நாட்டின் கலைச்செல்வம் கப்பலேறுவது கண்டு ஸ்பானிய அரசு 1926இலும் 1933இலும் சட்டம் இயற்றியது. எனினும் அக்கற்களை விற்றோர் ஸ்பானியரே என்பதையும் மறுத்தல் இயலாது.

1925ஆம் ஆண்டு யூன் மாதம் 29ஆந் திகதி அதிகாலையிற் சாந்தா பார்பராவை நிலநடுக்கம் தாக்கியது. உயிரிழந்தோர் ஏறத்தாழ பதின்மூவர். வர்த்தக வீதியின் செங்கற் கட்டடங்கள் பெரும்பாலும் அழிந்தன. ஸ்பானியப் பாணியை நகர் முழுவதும் பரப்ப விரும்பிய பேர்ன்ஹார்ட் ஹொவ்மன், பேர்ல் சேஸ் ஆகியோரைக் கொண்ட கலைச் சங்கத்தார்க்கு இது வாய்ப்பாயிற்று. 1822க்கு முன்பின்னான காலத்துக் காசா தெ லா கெர்ரா என்ற மண்கல் வீட்டைச் சூழ அவர்கள் ஏலவே எல் பாசேயோ என்ற கடைத்தொகுதியை அமைத்திருந்தனர். நிலநடுக்கத்தின் பின் கட்டடத் திட்டங்களை ஆராயும் சபையொன்று நியமிக்கப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவில் இத்தகைய சபைகளுள் இது முதன்மையானது. அது ஓராண்டேனும் நிலைக்கவில்லை, 1926இற் கலைக்கப்பட்டது. ஆயின் அதற்குள் நகரின் முகம் மாறிவிட்டது. 1929இல் நிறைவெய்திய மாவட்ட நீதிமன்றக் கட்டடம் கோபுரமும் ஓட்டுப் படிக்கட்டும் சுவரோவிய மண்டபமும் கொண்டு, ஸ்பெயினிலும் இல்லாத அளவுக்கு ‘ஸ்பானிய’மாய் நின்றது. 1960இல் நகரின் பழைய பகுதிக்கு இப்பாணி சட்டத்தாற் கட்டாயமாக்கப்பட்டது.

ஒரு நகரமே தன்னை அலங்கரித்துக்கொண்டது எனக் கூறி இதனை முடித்துவிடலாம். பாணி சட்டமாகும்போது அச்சட்டத்தில் வேறென்ன எழுதப்பட்டது என்பதையும் நோக்குதல் வேண்டும். லொஸ் ஏஞ்சலிசுக்கு அண்மையிற் கடலோரக் குன்றில் அமைந்த பாலோஸ் வெர்தெஸ் குடியிருப்பின் 1923ஆம் ஆண்டு விதிகள் இதற்குச் சான்றாகும். கூரையின் சரிவு, ஓட்டின் நிறம் முதலியவற்றை அங்கு ஒரு கலை நடுவர் குழு அங்கீகரித்தல் வேண்டும். அதே விதித்தொகுதி வெள்ளையரல்லாதோர் அங்கு குடியிருத்தலைத் தடைசெய்தது. வீட்டு வேலையாட்களுக்கு மட்டும் விலக்களித்தது. மெக்சிக்க மரபில் வந்த வீட்டில், மெக்சிக்கத் தோற்றமுடையவர் சமையற்கட்டு வழியாகவே நுழையலாம்! இத்தகைய இனத்தடை விதிகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றல் ஆகாதென உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1948இலேயே.

1910இன் மெக்சிக்கப் புரட்சிக்குப் பின் இலட்சக்கணக்கானோர் வடக்கு நோக்கி வந்திருந்தனர். தென் கலிபோர்னியாவின் கட்டட வேலையும் சூளைகளும் அவர்களை நம்பியிருந்தன. லொஸ் ஏஞ்சலிசுக்குக் கிழக்கே மொண்டெபெல்லோவிலிருந்த சைமன்ஸ் செங்கற் சூளையில், பெரும்பாலும் மெக்சிக்கரான தொழிலாளர் நிறுவனமே அமைத்த குடியிருப்பில் வாழ்ந்தனர். அவர்களுடைய வீடுகளோ மரப்பலகை வீடுகள்.

1930ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம், லொஸ் ஏஞ்சலிசின் பழைய சதுக்கத்தை அடுத்த ஒல்வெரா வீதி, மெக்சிக்கச் சந்தை வீதியாக அலங்கரிக்கப்பட்டுத் திறக்கப்பட்டது. 1818இல் எழுந்த அவிலா மண்கல் வீடு இடிபடாமற் காக்க முன்னின்ற கிறிஸ்டின் ஸ்டேர்லிங் அம்மையாரே இதற்கும் காரணர். வீதியைச் செப்பனிடச் சிறைக்கைதிகளின் உழைப்பு பயன்பட்டது. விற்பனையாளர்கள் வண்ண உடையணிந்து நின்றனர். பத்து மாதங்களின் பின், 1931 பெப்ரவரி 26ஆந் திகதி, அவ்வீதிக்கு எதிரேயுள்ள சதுக்கத்தைக் குடிவரவு அதிகாரிகளும் பொலிசாரும் சுற்றிவளைத்து, அங்கிருந்த ஏறத்தாழ 400 பேரைத் தடுத்து வைத்துச் சோதித்தனர். பொருளாதார மந்தத்தின் பழி மெக்சிக்கர் மீது சுமத்தப்பட்ட காலம் அது. அடுத்த மாதம் முதல் அவர்களைத் திருப்பியனுப்பும் புகையிரதங்கள் லொஸ் ஏஞ்சலிசிலிருந்து புறப்பட்டன. 1930களில் நாடு முழுவதிலிருந்தும் இவ்வாறு சென்றோர் தொகை நான்கு இலட்சம் முதல் பத்து இலட்சத்துக்கு மேல் வரை பலவாறு கணிக்கப்படுகின்றது. அவர்களுட் பாதிக்கு மேற்பட்டோர் ஐக்கிய அமெரிக்காவிற் பிறந்த குடிமக்கள் எனவும் கூறப்படுகின்றது. கலிபோர்னிய அரசு 2005இற் சட்டமொன்றின் மூலம் இதற்கு மன்னிப்புக் கோரியது. ‘ஸ்பானியக் கற்பனை மரபு’ எனக் கேரி மக்வில்லியம்ஸ் என்ற எழுத்தாளர் 1940களிற் சுட்டிய முரண்பாடு, இவ்வீதியிற்போல் வேறெங்கும் அத்துணைத் தெளிவாகப் புலப்படவில்லை எனலாம்.

அதே ஒல்வெரா வீதிக் கட்டடமொன்றின் மேன்மாடிப் புறச்சுவரில், 1932இல், நாடுகடத்தப்பட்டு வந்திருந்த மெக்சிக்க ஓவியர் டாவிட் அல்பாரோ சிகெய்ரோஸ் ஒரு பெருஞ் சுவரோவியம் தீட்டினார். ‘வெப்பமண்டல அமெரிக்கா’ என்பது அவருக்குத் தரப்பட்ட பொருள். பழமரங்களும் கிளிகளும் கொண்ட அலங்காரக் காட்சியொன்றை வேண்டியோர் எதிர்பார்த்தனர். அவரோ பாழடைந்த பழங்கோயிலின் முன், சிலுவையில் அறையப்பட்ட பழங்குடி உழைப்பாளியையும், அவன் தலைக்குமேற் சிறகு விரித்த அமெரிக்கக் கழுகையும் வரைந்தார். ஒக்தோபர் 9ஆந் திகதி திரை நீக்கப்பட்டது. வீதியிலிருந்து கண்ணிற்படும் பகுதி சில மாதங்களிலும், எஞ்சியது சில ஆண்டுகளிலும் வெள்ளையடித்து மறைக்கப்பட்டன. ஓவியரின் தங்கல் அனுமதி புதுப்பிக்கப்படவில்லை.

பூசிய வெள்ளை மழையாலும் வெயிலாலும் மெல்லிதாகி, 1960களின் பிற்பகுதியில் உருவங்கள் மங்கலாக மேற்கிளம்பத் தொடங்கின. அவற்றைப் பேணவேண்டுமென்ற கோரிக்கை அப்பொழுதே எழுந்தது. பல ஆண்டுகள் கழித்து, 2012ஆம் ஆண்டு ஒக்தோபர் 9ஆந் திகதி, முதற்றிறப்பின் எண்பதாவது ஆண்டு நிறைவன்று, அச்சுவர் மீண்டும் பொதுமக்கள் பார்வைக்கு விடப்பட்டது. வண்ணங்கள் திரும்பவில்லை, கோடுகள் தெரிகின்றன.